வீடியோவில் நாலு தவளை மட்டும் தெரிந்த காரணம்

என் தங்கச்சி பெற்ற தங்கத்துக்கு, அழகில் அம்மாவையும் அறிவில் மாமனையும் கொண்டு பிறந்த மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன், அதனால் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். பாப்பாவுக்கு அதற்குள் பல் எட்டிப் பார்க்கிறது என்று கேள்விப்பட்டேன். நம் குடும்பத்தில் எல்லாமே முன்கூட்டித்தான் வரும். நான் பிறக்கும்போதே எனக்கு ஒரு பல் இருந்ததாகச் சொல்வார்கள். அதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை என்பதால் நீ என்னைத்தான் நம்ப வேண்டும். தவளைகளின் சௌக்கியத்தைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படி. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, தாவினால் மாமன் பட்ட பாடு உனக்குப் புரியாது.

நேற்று வீடியோவில் தொட்டியைக் காட்டியபோது, "மாமா, நாலுதானே தெரியுது, பொடிசு எங்க?" என்று நீ கேட்டதும் படம் நின்றுபோனதே, அது சிக்னல் கோளாறு இல்லை. என் கட்டைவிரல். அதற்கப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்காமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. போனில் ஒரு விஷயத்தைச் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய். உன் அம்மாவும் அப்படித்தான், சின்ன வயசிலேயே என்னை ஒரு கதையை முடிக்க விட்டதில்லை. கடிதத்தை யாரும் குறுக்கே மடக்க முடியாது. மாடி வீட்டுத் தையல்காரர் இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார், அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவரும் சம்பவ இடத்தில் இருந்தவர்தான். ஆனால் அவர் ஏதாவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே. அவர் முழுச் சம்பவத்தையும் ஒற்றைக் காலில் நின்றபடி பார்த்தவர், அப்படிப் பார்த்தால் எதுவுமே கொஞ்சம் சாய்வாகத்தான் தெரியும்.

விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் விஷயத்தின் கனத்தைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு வெளியூரில் பயிற்சி என்று நீங்கள் கிளம்பிய அன்றைக்கு, அந்தக் கண்ணாடித் தொட்டியை எங்கள் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "இந்த அஞ்சையும் நல்லபடியா பாத்துக்கிட்டீங்கன்னா, திரும்பி வந்து நான் வேலைக்குப் போறப்போ பாப்பாவை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன் மாமா. இல்லைன்னா காப்பகம்தான்." நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. 'இனிமே இந்த மோட்டார் மக்கர் பண்ணாது' என்று நான் சொல்லும்போது வாடிக்கையாளர்கள் சிரிப்பார்களே, அதே சிரிப்பு. ஆனால் உன் அத்தை சிரிக்கவில்லை. நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் பின்னறையில் கிடந்த என் பம்ப் சாமான்களை எல்லாம் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டாள். அறையைக் கழுவினாள். ஜன்னல் கொக்கியைப் பிடுங்கி எட்டாத உயரத்தில் அடிக்கச் சொன்னாள். மேசை முனை நாலுக்கும் பஞ்சு வைத்துத் துணி தைத்து மாட்டினாள். "பாப்பா இன்னும் தவழவே இல்லையேடி" என்றேன். "தவழுமில்ல?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து பிள்ளைச் சத்தம் கேட்காத வீடு இது. அதை அவளும் வாய் திறந்து சொல்லமாட்டாள், நானும் எழுதமாட்டேன். நீ புரிந்துகொண்டு மேலே படி.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஜந்துக்கள், தரைக்கே வராமல் தண்ணீருக்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டு, மூச்சுக்கு மட்டும் விருட்டென்று மேலே வந்து மூக்கை நீட்டிவிட்டுக் கீழே போகிற அழகை நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க முடியாது. விஞ்ஞானிகள் பார்த்திருக்கலாம், ஆனால் அவர்களுக்குப் பொறுமை கிடையாது. இரண்டாம் நாளே ஒரு சோதனை வந்தது. நீ 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருக்கிறாயே, அந்தப் பெரிய தவளை கையையும் காலையும் நாலு திக்கிலும் விரித்துப்போட்டு, அசையாமல், கண்ணைத் திறந்தபடி தண்ணீர் மேலே மிதக்கிறது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பதறவே இல்லை. வேட்டியை மாற்றிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு தீப்பெட்டியைக் காலி செய்து பஞ்சு விரித்து, கடைசி மரியாதைக்கு வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு விரலை நீட்டினேன். பார்த்தால் அது ஒரு உதை உதைத்துவிட்டு என் முகத்தில் தண்ணீரை அடித்துக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அது ஓய்வாம். அப்படித்தான் ஓய்வெடுக்குமாம். நீ முன்கூட்டியே சொல்லியிருந்தாய் என்று அத்தை சொல்கிறாள், நீ சொன்னபோது நான் வேறு ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். உன் தொட்டியில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறாயே, அதைத் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, அது தண்ணீரை ஓட்டுகிறதா, தண்ணீருக்குக் கதை சொல்கிறதா என்றே தெரியவில்லை. கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு. நான் யார்? எட்டாவதோடு பள்ளிக்கூடமே என்னைப் பார்த்து, இதற்குமேல் உனக்குச் சொல்லித்தர எங்களிடம் எதுவுமில்லை என்று கைகூப்பி வழியனுப்பியது. இந்த வட்டாரத்தில் எந்த மொட்டை மாடித் தொட்டி நிரம்பினாலும் அதில் என் கை இருக்கும். அப்படிப்பட்டவன் வீட்டுக் கூடத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் இப்படிச் சோம்பிக் கிடந்தால் வருகிற போகிற வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? அதனால் என் கையிருப்பில் இருந்ததிலேயே சின்னதாக, சாதுவாக, ஏர்கூலரிலிருந்து கழற்றிய ஒரு பம்பை எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே இறக்கி ஹோஸ் மாட்டினேன். ஹோஸ் உள்ளே போக வேண்டும் என்றால் தொட்டி மூடியைத் திறந்துதான் வைக்க வேண்டும். திறந்தது யார் என்பது இப்போது முக்கியமில்லை (அத்தை).

சுவிட்சைப் போட்டுவிட்டு நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன், காய்ந்த துணிகளை எடுத்துவர. ஆமாம், நானும் துணி எடுப்பதுண்டு, நீ இல்லாதபோது நிறைய மாறிவிட்டேன். ஆகவே அடுத்து நடந்ததை அத்தை சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். பம்ப் ஓட ஆரம்பித்ததும் அடியில் கிடந்த கூழாங்கல் எல்லாம் எழுந்து கண்ணாடியில் மோதியது. செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு தலைகீழாக நின்றது. தவளைகள் துவைக்கிற மெஷினில் போட்ட சாக்ஸ் மாதிரி சுற்ற ஆரம்பித்தன. மேனேஜர் முதல் சுற்றில் கண்ணாடிப் பக்கம் வந்தபோது ஒரு பார்வை பார்த்தது, இரண்டாவது சுற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தப் பாட்டுக்காரன், அதுதான் ராத்திரியெல்லாம் ங்ங் என்று ரீங்காரம் போடுமே, அது ஹோஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கியது. பொடிசு மட்டும், நாலாவது சுற்றோ ஐந்தாவது சுற்றோ, தண்ணீர் எகிறி விளிம்பைத் தாண்டிய வேகத்தில், அப்படியே அதோடு வெளியே போயிற்று. அத்தை நாற்காலி மேலே ஏறி நின்றுகொண்டு ஒரு கத்து கத்தினாள் பார்! ஐயோ என்றில்லை, அம்மா என்றில்லை, அர்த்தமே இல்லாத ஒரு கத்து. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நான் கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுப் படிகளை மூன்று மூன்றாகத் தாண்டி இறங்கி ஓடி வந்தேன். வந்த வேகத்திலேயே பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீர் அடங்கியது. எண்ணினேன். நாலு. மறுபடியும் எண்ணினேன். நாலுதான். நீ சொல்லிவிட்டுப் போனது காதில் விழுந்தது: 'மூடியைத் திறந்து வெக்காதீங்க, வெளிய விழுந்தா கொஞ்ச நேரம்கூட தாங்காது, காஞ்சிடும்.' வெளியே வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்கப் பின்னறையிலிருந்து வந்த என் சாமான்கள்: மோட்டார் கூடுகள், வால்வுகள், எண்ணெய் துடைக்கிற நூல் மூட்டை, திருகாணி டப்பாக்கள். அதற்குள் ஒரு மிளகாய் விதை விழுந்தாலே கண்டுபிடிக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து, கத்தல் கேட்டு, தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு உள்ளே நுழைந்தார். "என்னங்க ஆச்சு, யாருக்கு என்ன?"

"அப்படியே நில்லுங்க!" என்றேன். "காலைக் கீழ வெக்காதீங்க!"

ஒரு காலைத் தூக்கியிருந்தவர் தூக்கியபடியே நின்றார். "ஏன், கரண்டா?"

"தவளை."

"தவளையா? இதுக்கா இந்தச் சத்தம்? நான் ஒரு பிளவுஸைக் குறுக்க வெட்டிட்டேங்க."

"ஒண்ணு வெளிய விழுந்துடுச்சு. உங்க கால் பக்கம் இருக்கலாம். அசைஞ்சீங்கன்னா உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி மேலிருந்து அத்தை, "போச்சு, எல்லாம் போச்சு, இனி பாப்பாவை நம்மகிட்ட விடமாட்டா, கதவைக்கூடத் திறக்கமாட்டா" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு அந்த ஃபேனை நிறுத்து" என்றேன். ஏனென்றால் அப்போதுதான் பார்த்தேன், சிமெண்ட் தரையில் பொட்டுப் பொட்டாக ஈரம். பொடிசு தாவித் தாவிப் போன தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் பொட்டு காய்ந்து மறைந்தது. அதற்கடுத்ததும் ஓரத்திலிருந்து சுருங்குகிறது. தடம் காய்வதற்குள் அது போய்ச் சேர்ந்த இடத்துக்குப் போயாக வேண்டும். ஓடவும் முடியாது, ஓடினால் மிதிபடும். நான் தரையோடு தரையாகப் படுத்துவிட்டேன். கன்னத்தைச் சிமெண்டில் வைத்துக்கொண்டு, ஒரு பொட்டு, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு என்று ஊர்ந்து போனேன். தையல்காரரின் தூக்கிய காலுக்கு நேர் கீழே ஒன்று இருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை" என்று மெதுவாகச் சொன்னார், அவர் நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை என் பிடரியில் விழுந்தது.

தடம் சாமான் குவியலில் போய் முடிந்தது. அதற்குமேல் ஈரம் இல்லை. மோட்டாருக்குள் தேய்ந்த பேரிங் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்போம் இல்லையா, அதே மாதிரி ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்துக் கேட்டேன். அந்தக் குவியலின் இடது பக்கத்திலிருந்து ஒரு சின்ன இதயத் துடிப்பு கேட்டது. நம்புகிறவர்கள் நம்பட்டும். சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுக்க ஆரம்பித்தேன். ஒன்றை வேகமாக இழுத்தால் இன்னொன்று உருளும், உருண்டால் அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஓடுகிற மோட்டாருக்குள் விரல் விட்டவன், மருமகளே, ஒரு கிலோ இரும்பை முட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி ஒரு பக்கமாக வைத்தேன். "மெதுவா, மெதுவா" என்று அத்தை சொல்ல, "பேசாதீங்க, அவங்க பாத்துக்குவாங்க" என்று தையல்காரர் அவளை அடக்கினார்.

பிரித்துப் போட்ட ஒரு பம்பின் கூட்டுக்குள், நூல் கழிவுக்கு நடுவில், அது இருந்தது. அது என்று சொல்கிறேனே தவிர, பார்த்தால் ஒரு தூசி உருண்டை, பெருக்கித் தள்ளிவிட வேண்டிய உருண்டை. நூலும் துருவும் முடியும் சுற்றிக்கொண்டு, ஒரு கால் மட்டும் வெளியே, கம்பி மாதிரி விறைத்து. தையல்காரர், "அதுவா?" என்றார். நான் கையை முதலில் தொட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஈரக் கையால் அதை அள்ளினேன். கனமே இல்லை. ஒரு பாத்திரத்தில் அதே தொட்டித் தண்ணீரை ஊற்றினேன், நிறைய இல்லை, விரல் மடங்குக்குக் கீழே. ஆழம் இருந்தால் அது மூச்சுக்கு மேலே ஏறி வரத் தெம்பு வேண்டுமே, படுத்தபடியே மூக்கை நீட்டினால் காற்று எட்டுகிற அளவுக்குத்தான். அத்தை, "நிறைய ஊத்தேன், நிறைய ஊத்தேன்" என்று கத்தினாள். நான் கேட்கவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவுகளிலேயே அதுதான் பெரிய முடிவு.

நூலை ஒவ்வொரு இழையாக நீக்கினேன். அது பாத்திரத்தின் அடியில் கிடந்தது. வயிறு அசையவில்லை. தொண்டை அசையவில்லை. நான் பாத்திரத்தின் மேலே குனிந்தேன், அத்தை நாற்காலியிலிருந்து இறங்கி வந்து மறுபக்கம் குனிந்தாள், தையல்காரர் இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, யாருக்கும் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. மேலே அவர் நிறுத்தாமல் விட்டுவந்த மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது என்றால் பார். அத்தை ரொம்ப மெதுவாக, அதனிடம்தான், "வாடி கண்ணு, ஒரே ஒரு மூச்சு, எனக்காக ஒண்ணே ஒண்ணு" என்றாள். ஒன்றுமில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தையே பார்த்தேன்.

பின்னங்கால் விரல் ஒன்று விரிந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. அப்புறம், யாரோ தள்ளிவிட்ட மாதிரி, தலை மேலே வந்தது. மூக்கு நுனி தண்ணீரைக் கிழித்தது. ஒரு சின்னக் குமிழி. அவ்வளவுதான். அந்தக் குமிழியைப் பார்த்துவிட்டு உன் அத்தை அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. தையல்காரர், "இப்போ காலைக் கீழ வெக்கலாமா?" என்று கேட்டார். வைத்தார். அது மரத்துப்போயிருந்ததால் வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார், டீ போட்டுக் கொடுத்துத்தான் எழுப்பினோம்.

ஆகவே இதனால் உனக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், வீடியோவில் நாலு தெரிந்ததற்குக் காரணம், ஐந்தாவது பின்னறையில் தனிப் பாத்திரத்தில், மேலே துளை போட்ட மூடியோடு ஓய்வில் இருக்கிறது. தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வருகிறோம். இன்று காலை இடுக்கியில் பிடித்துக் கொடுத்த புழுவைப் பார்க்காமல் விட்டது, அப்புறம் பார்த்தது, அப்புறம் இடுக்கியையும் சேர்த்துக் கவ்வியது. பாப்பாவுக்கென்று கழுவி வைத்த அறையில் இப்போதைக்கு அதுதான் குடியிருக்கிறது. உன் பழைய வடிகட்டி திரும்பவும் தன் இடத்தில் இருந்து கொட்டாவி விடுகிறது. அது கொட்டாவியே விடட்டும். என் பம்பை ஏர்கூலருக்கே அனுப்பிவிட்டேன். இப்படி ஒரு ஆபத்தில் நிதானம் தவறாமல், தரையில் படுத்து, தடம் பிடித்து, உயிரை மீட்ட ஒரு மாமன் இருக்கும்போது பாப்பாவைக் காப்பகத்தில் விடுவது என்பது உனக்கே நன்றாக இருக்குமா என்று யோசித்துப் பார்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல், உடம்பில் தெம்பும் வீட்டில் சிரிப்புமாக ரொம்ப காலம் நன்றாக இருக்க வேண்டும். பாப்பாவின் உள்ளங்காலில் ஒரு முத்தம் என் சார்பில், இரண்டு அத்தை சார்பில். மாப்பிள்ளையை ரொம்ப விசாரித்ததாகச் சொல், சிரிக்க வேண்டாம் என்றும் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு மறவாத தாய்மாமன்

பின்குறிப்பு: தையல்காரர் பையோடு வாசலில் நிற்கிறார். உறையை ஒட்டப் போன நேரத்தில் உன் அத்தை கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டாள். பேனாவை என் கையில் திரும்ப வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஆகையால் மருமகளே, மேலே மூடியைத் திறந்ததிலிருந்து குமிழி வந்தது வரைக்கும், 'நான்' என்று இருக்கும் இடத்தில் எல்லாம் அத்தை என்றும், 'அத்தை' என்று இருக்கும் இடத்தில் எல்லாம் நான் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். நாற்காலியையும் சேர்த்து. அழுகையையும் சேர்த்து. பம்பை மாற்ற வேண்டாம், அது நான்தான். ஸ்க்ரூடிரைவரை அடித்துவிடு, அதை இரண்டு பேரும் செய்யவில்லை. தையல்காரர் சொல்வதை நம்பலாம். இப்போது நீ நினைப்பது எனக்குத் தெரிகிறது: பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் அத்தை இருக்கிறாள், சரி, மாமா எதற்கு? மாப்பிள்ளையும் அதையேதான் கேட்பார். அவரிடம் இதை மட்டும் சொல். அத்தை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கொஞ்சம் காதும் மந்தம். நான் கத்தாமல் இருந்திருந்தால் அவள் ஒவ்வொரு துணியாக மடித்து எடுத்துக்கொண்டுதான் இறங்கியிருப்பாள். ஒரு தவளைக்கே அந்தக் கத்து கத்தினேன். பாப்பாவுக்கு ஒன்று என்றால் உன் ஆபீஸில் நீ எழுந்து நிற்பாய்.